யார்க்கர் எங்கே விழுந்தது, தீர்மானம் என்ன ஆயிற்று?

நாமக்கல் மண்டலத்தில் முட்டைக் கொள்முதல் விலை ஐந்து காசு ஏறினால் மறுநாள் காலை நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் அது பிழையின்றி வந்துவிடுகிறது. ஏறியது ஐந்து காசா பத்துக் காசா என்று எந்தச் செய்தியாளரும் குழம்பி நாங்கள் கண்டதில்லை. அதே பக்கத்தில், அதே மை கொண்டு, ஒரு கட்சி மாநாட்டுக்கு வந்தோர் தொகை எழுதப்படும்போது மட்டும் கணக்கு கடவுள் விட்ட வழியாகிவிடுகிறது. ஐந்து லட்சம் என்பார் ஒருவர். பதினைந்து லட்சம் என்பார் மற்றொருவர். ‘கடல்போல்’ என்று எழுதிவிட்டுக் கரையேறிவிடுவார் மூன்றாமவர். ஐந்து காசுக்குத் தரும் மரியாதையை மனிதத் தலைகளுக்குத் தராத இந்தச் செய்தி மரபின் மீதுதான் எங்கள் வழக்கு.

சேலம், நாமக்கல் சமவெளியில் பிறந்த எங்களுக்கு இரண்டு பித்துகள் உண்டு. ஒன்று கிரிக்கெட். மற்றொன்று மாநாடு. இரண்டையும் ஒரே தொலைக்காட்சிப் பெட்டியில் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஆகவே இரண்டுக்கும் ஒரே நோய் பீடித்திருப்பதைச் சற்று முன்பாகவே உணர்ந்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு உரிமை இருக்கிறது. நோய் இதுதான்: ஒரு முகம், அதைச் சுற்றி ஒரு கூட்டம். இவ்விரண்டையும் காட்டிவிட்டால் செய்தி முடிந்தது. நடுவில் நடந்த காரியம் என்ன என்று எவரும் கேட்பதில்லை.

முதலில் ஆட்டத்தைப் பார்ப்போம். 2020 நவம்பர் 6ஆம் நாள் அபுதாபியில், பெங்களூரு அணிக்காக 56 ஓட்டங்கள் எடுத்து நின்றிருந்த ஏ.பி. டிவில்லியர்ஸின் ஸ்டம்பை ஒரு யார்க்கர் பெயர்த்தெறிந்தது. வீசியவர் எங்கள் சின்னப்பம்பட்டி நடராஜன். அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் கான்பெராவில் ஒருநாள் ஆட்டத்திலும், டிசம்பர் 4ஆம் நாள் அங்கேயே இருபது ஓவர் ஆட்டத்திலும், 2021 ஜனவரி 15ஆம் நாள் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆட்டத்திலும் அவர் அறிமுகமானார். வலைப்பயிற்சிக்குப் பந்து வீச அழைத்துச் செல்லப்பட்டவர் ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு ஆடித் திரும்பினார். அவருக்கு முன் எந்த இந்தியருக்கும் அது வாய்த்ததில்லை. ஊர் திரும்பிய நாளில் ரத ஊர்வலம் நடந்தது. நாங்கள் மகிழ்ந்தோம், இன்றும் மகிழ்கிறோம். ஊர்வலத்தில் எங்களுக்குக் குறையொன்றும் இல்லை.

குறை எழுத்தில்தான். அந்த மூன்று மாதங்களில் தமிழில் வந்த நடராஜன் செய்திகளைத் தொகுத்தால் ஒரு தடித்த நூலாகும். அந்நூலில் தந்தை தறிக்கூலி, தாய் சாலையோரக் கடை, ஓட்டு வீடு, பிறகு ஊர்வலம் என்ற நான்கு காட்சிகளே திரும்பத் திரும்ப வரும். அவை பொய்யல்ல, மறைக்கப்பட வேண்டியவையுமல்ல. ஆனால் நாட்டில் தறிக்கூலியின் பிள்ளைகள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். டிவில்லியர்ஸின் ஸ்டம்பை வீழ்த்தியது வறுமையன்று, ஒரு பந்து. அந்தப் பந்தைப் பற்றி எத்தனை வரி வந்தது?

சொல்ல விஷயம் இல்லாமல் போயிற்றா? இடக்கையாளர் விக்கெட்டுக்கு மேலிருந்து வீசும் பந்து, வலக்கை மட்டையாளரைக் குறுக்கே கடந்து வெளியே செல்லும் இயல்புடையது. அதை அவருடைய கால்விரல் நுனியில், கிரீஸ் கோட்டின் மீது இறக்க வேண்டும். ஓரடி முன்னே போனால் முழு டாஸ், ஓரடி பின்னே விழுந்தால் அடிப்பதற்கென்றே வைத்த பந்து. இவ்வளவு சிறிய இலக்கை நாளெல்லாம் தொட்டுப் பழகும் கை, டென்னிஸ் பந்தில் ஊர் ஊராக ஆடிய ஆட்டத்தில் எப்படி உருவாகிறது? 2015 ஜனவரியில் ரஞ்சிக் கோப்பையில் முதல் ஆட்டம் ஆடியதும் அவருடைய வீச்சு முறை ஐயத்துக்கு உள்ளானது. தமிழ்நாடு கிரிக்கெட் சங்கப் பயிற்சியாளர்களின் துணையோடு அவர் வீசும் முறையையே மாற்றி அமைத்துக்கொண்டார். பழகிய கையை மறக்கச் செய்து புதிய கையைப் பழக்குவதென்பது, நாற்பது வயதில் கையெழுத்தை மாற்றுவதற்கு ஒப்பானது. எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு வேண்டியது அந்தக் கதைதான். அதை மட்டும் ஒரு வாக்கியத்தில் தாண்டிவிட்டார்கள்.

முகம் மட்டுமே செய்தியாகும்போது முகம் மறைந்ததும் செய்தியும் மறையும். 2021 மார்ச் 28ஆம் நாள் புனேயில் இங்கிலாந்துக்குக் கடைசி ஓவரில் 14 ஓட்டங்கள் தேவை; எதிரே 90க்கு மேல் எடுத்து நின்ற சாம் கரண். பந்து நடராஜன் கையில். இந்தியா ஏழு ஓட்டங்களில் வென்றது. அடுத்த மாதமே முழங்காலில் அறுவைச் சிகிச்சை. ரதத்துக்கு முழுப் பக்கம் தந்தவர்கள் முழங்காலுக்கு எத்தனை அங்குலம் தந்தார்கள் என்பதை வாசகர்கள் பழைய இதழ்களைப் புரட்டித் தாமே அளந்துகொள்ளலாம். 2023 ஜூனில் சின்னப்பம்பட்டியில் அவர் ஒரு மைதானத்தைத் திறந்தார். திறந்துவைக்க தினேஷ் கார்த்திக் வந்தார் என்பதால் அது செய்தியாயிற்று. அங்கே என்ன கற்றுத் தரப்படுகிறது என்பது செய்தியாகவில்லை.

நிற்க. மாநாட்டுக்கு வருவோம்.

சேலம் மாநாடு என்றாலே தமிழக அரசியல் அறிந்தோருக்கு நினைவில் எழுவது 1944 ஆகஸ்ட் 27. நீதிக்கட்சி அன்று இங்கேதான் திராவிடர் கழகமாயிற்று. பெயர் மாற்றம் எல்லோருக்கும் தெரியும். அதைவிட முக்கியமானது அண்ணாதுரை தீர்மானம் என்று வரலாற்றில் நிலைத்த தீர்மானத்தின் உள்ளடக்கம். ஆங்கில அரசு தந்த சர், ராவ்பகதூர் வகைப் பட்டங்களைத் துறக்க வேண்டும். நியமனப் பதவிகளிலிருந்து விலக வேண்டும். இழப்பதற்கு நிறைய வைத்திருந்த கனவான்களை நேருக்கு நேர் பார்த்துச் சொல்லப்பட்ட வாசகம் அது. ஏற்க இயலாதவர்கள் பிரிந்தார்கள், பி.டி. ராஜன் நீதிக்கட்சி என்ற பெயரிலேயே தனி அணியாக நின்றார். தீர்மானம் என்றால் அதுதான்: நிறைவேறிய மறுநாள் காலை யாரோ சிலர் எதையோ இழந்திருக்க வேண்டும். அன்றைய மாநாட்டுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று இன்று யாருக்காவது தெரியுமா? தெரியாததால் வரலாற்றுக்கு என்ன நட்டம்?

அதே சேலத்தில் 1971 ஜனவரி 23, 24 தேதிகளில் நடந்த மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு இதற்கு நேர்மாறான கதி அடைந்தது. ஊர்வலத்தின் படங்கள் ‘துக்ளக்’ இதழில் வந்தன. அரை நூற்றாண்டு கழிந்து 2020 ஜனவரியில் ரஜினிகாந்த் அதைப் பேசப்போய் மாநிலமே மறுபடி அந்த ஊர்வலத்தைப் பற்றி வாதாடியது. மாநாட்டின் பெண்ணுரிமைத் தீர்மானம் ஒன்றின் சரியான வாசகம் எது என்பதே அன்று பெரும் சண்டையாயிற்று. அச்சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று இங்கே நாங்கள் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. கேட்பது ஒன்றே: இரண்டு நாள் மாநாட்டில் நிறைவேறிய தீர்மானங்கள் முழுமையாக அச்சிடப்பட்டு வாசகர் கையில் இருந்திருந்தால் இந்த ஐம்பதாண்டு வழக்கின் பாதியாவது குறைந்திருக்காதா? படம் நின்றது. வாசகம் போயிற்று.

இனி அண்மைக் காலம். 2023 ஆகஸ்ட் 20ஆம் நாள் மதுரையில் அ.தி.மு.க. மாநாடு. சேலத்துக்காரரான எடப்பாடி பழனிசாமிக்குப் ‘புரட்சித் தமிழர்’ பட்டம் சூட்டப்பட்டது, மிஞ்சிய புளியோதரை குவியலாகக் கொட்டப்பட்டது. நாட்கணக்கில் ஓடிய செய்தி புளியோதரைதான். 2024 ஜனவரி 21ஆம் நாள் ஆத்தூர் அருகே பெத்தநாயக்கன்பாளையத்தில் தி.மு.க. இளைஞரணி மாநாடு. டிரோன் விளக்குகள் வானில் எழுதியவை, இருசக்கர வாகனப் பேரணி, பிரியாணி அண்டாக்களின் எண்ணிக்கை எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். ஆளுநர் பதவியை ஒழிக்க வேண்டும், கல்வியை மாநிலப் பட்டியலுக்கு மாற்ற வேண்டும் என்ற தீர்மானங்கள் அங்கே நிறைவேறின. எதிர்ப்பவர் எதிர்க்கவும் ஆதரிப்பவர் ஆதரிக்கவும் தகுந்த கனமான பொருள்கள். அவற்றை எடுத்து, அரசியல் சட்டத்தின்படி இது முடியுமா, நாடாளுமன்றத்தில் எத்தனை வாக்கு வேண்டும், அடுத்த படி என்ன என்று விளக்கிய நிகழ்ச்சியை நாங்கள் எந்தத் தொலைக்காட்சியிலும் பார்க்கவில்லை. 2024 அக்டோபர் 27ஆம் நாள் விக்கிரவாண்டியில் த.வெ.க. மாநாட்டில் விஜய் நடந்து வந்த நீண்ட மேடையின் அளவைச் சொன்னார்கள்; கொள்கை ஆவணத்தைத் தொகுப்பாளர் மூச்சு விடாமல் வாசித்துவிட்டு மறுபடி கூட்டத்துக்குப் போனார். மூன்று கட்சிகள், செய்தி ஒன்றுதான். பெயரை மாற்றிப் போட்டால் போதும்.

கூட்டத்தை எண்ணுவது தேவ ரகசியமும் அல்ல. பெர்க்லியில் இதழியல் கற்பித்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் 1960களில், தம் சன்னலுக்குக் கீழே மாணவர்கள் திரண்டபோது, தரையில் இருந்த கட்டங்களைக் கொண்டு ஒரு வாய்பாடு வகுத்தார். தளர்வான கூட்டத்தில் ஆளுக்குப் பத்துச் சதுர அடி. நெருக்கமான கூட்டத்தில் நாலரை. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. ஐம்பது ஏக்கர் பந்தல் தளர்வாக நிரம்பினால் இரண்டே கால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவு; நெருக்கியடித்தால் ஐந்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. வாகனம் நிறுத்தும் இடத்தையும் சேர்த்து ‘நூற்றுச் சொச்சம் ஏக்கர்’ என்று கொடுக்கும் செய்திக்குறிப்பை அப்படியே அச்சிடாமல், பந்தல் எவ்வளவு என்று கேட்டால் போதும். உலகிலேயே பெரிய கிரிக்கெட் அரங்கமான அகமதாபாத் அரங்கில் 1.32 லட்சம் பேர் அமரலாம். பத்து லட்சம் என்றால் அதைப்போல் ஏழரை அரங்கம். சொல்பவர் ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டாமா?

‘மக்கள் கேட்பதைத்தானே தருகிறோம்’ என்ற பதில் வரும் என்று எங்களுக்குத் தெரியும். அமெரிக்காவிலும் அதே பதில்தான். அவர்களுடைய கால்பந்தில் குவாட்டர்பேக் என்றொருவர் உண்டு. பந்தைக் கையில் வைத்து எறிபவர். அவருக்காக முன்னே நின்று இடிபடும் ஐவரைக் கேமரா காட்டாது. அவர்களுடைய கட்சி மாநாடுகளும் அப்படித்தான் ஆயின. 1996இல் சான் டியேகோவில் குடியரசுக் கட்சி மாநாட்டில் செய்தியே இல்லை என்று சொல்லி டெட் காப்பெல் என்ற புகழ்பெற்ற தொலைக்காட்சியாளர் பாதியில் கிளம்பிப் போனார். (அந்த மாநாடு துணை அதிபர் வேட்பாளராக நிறுத்திய ஜாக் கெம்ப், பஃபலோ பில்ஸ் அணியின் பழைய குவாட்டர்பேக் என்பது எங்களைப் போன்ற பித்தர்களுக்கு மட்டும் இனிக்கும் செய்தி.) ஆனால் அதே நாட்டில் சி-ஸ்பான் என்ற அலைவரிசை 1984 முதல் மாநாடுகளை முதல் மணியடிப்பு தொடங்கிக் கடைசி மணியடிப்பு வரை, குறுக்கே பேசாமல் ஒளிபரப்பி வருகிறது. கேட்பவர் எத்தனை பேர் என்று பார்த்தா அது தொடங்கியது?

இதையெல்லாம் ரசனைக் குறை என்று விட்டுவிட நாங்களும் தயாராக இருந்தோம், 2025 செப்டம்பர் 27 வரை. அன்று நாமக்கல்லில் விஜய் பேசுவதாக இருந்தது. காலையில் வருவதாக அறிவிக்கப்பட்டவர் பிற்பகலில்தான் வந்தார். வெயிலில் நின்றவர்கள் பலர் மயங்கினார்கள். நேரலை என்ன காட்டியது? வாகனம் எந்தத் திருப்பத்தில் வந்துகொண்டிருக்கிறது என்பதை. அடுத்து கரூர், காவிரியைத் தாண்டினால் கரூர். அன்றிரவு அங்கே நெரிசலில் நாற்பத்தொரு பேர் இறந்தார்கள். பொறுப்பு யாருடையது என்ற விசாரணையை உச்ச நீதிமன்றம் அக்டோபரில் மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. அதில் நாங்கள் தலையிடவில்லை. எங்கள் கேள்வி செய்தியறைகளுக்கு. நாமக்கல்லுக்கும் கரூருக்கும் இடையே பல மணி நேரம் இருந்தது. நாமக்கல்லில் மயங்கியவர்கள் எத்தனை பேர், தண்ணீர் இருந்ததா, ஒரு சதுர மீட்டரில் எத்தனை பேர் நின்றார்கள் என்பதை நேரலையில் சொல்லி, கரூரில் குழந்தையோடு கிளம்பிக்கொண்டிருந்த ஒரு தாயை வீட்டில் இருத்த உங்களால் முடியாமல் போனதா? ஒரு சதுர மீட்டரில் ஐந்து பேருக்கு மேல் போனால் கூட்டம் நீரைப்போல் அலையத் தொடங்கும் என்பது அத்துறை அறிந்தோர் பல்லாண்டுகளாகச் சொல்லிவருவது. ஜேக்கப்ஸின் சதுர அடிக் கணக்கும் இதுவும் ஒரே கணக்குதான். பெருமைக்காகக் கூட்டத்தை ஊதிக் காட்டிப் பழகிய கண்ணுக்கு, நெரிசலும் பெருமையாகவே தெரிந்திருக்கும்.

இந்தச் சமவெளியில் மாநாட்டுக்குப் போகிறவன் அன்றைய விசைத்தறிக் கூலியை விட்டுவிட்டுப் போகிறான். நூல் விலை, மரவள்ளிக் கிழங்கின் விலை, லாரிக்கான சுங்கக் கட்டணம் பற்றி மேடையில் ஏதாவது தீர்மானம் போட்டார்களா என்று மறுநாள் தேநீர்க்கடை நாளிதழில் தேடுகிறான். அங்கே அவனுக்குக் கிடைப்பது அவன் நேற்றுத் தின்ற பிரியாணியின் புகைப்படம்.

அடுத்த மாநாடு எக்கட்சியுடையதாயினும், சேலத்திலோ நாமக்கல்லிலோ நடக்குமானால் நாங்கள் அளவு நாடாவோடு போவதாக இருக்கிறோம். தீர்மானங்களின் நகலை மேடைக்குப் பின்னால் கேட்டு வாங்கி, ஒரு சொல்லும் குறைக்காமல் வெளியிடுவோம். அதே வாரம் சின்னப்பம்பட்டிக்கும் போய், அங்கே பையன்கள் யார்க்கரை எந்தக் கோட்டில் இறக்கப் பழகுகிறார்கள் என்று கேட்டு எழுதுவோம். படங்கள் வேண்டியவர்கள் வழக்கம்போல நாளிதழ்களைப் பார்த்துக்கொள்ளலாம்.