கடல் கடந்தது உடல் மட்டுமா?

1954ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி வல்வெட்டித்துறையிலிருந்து நீந்திக் கோடிக்கரையை அடைந்தார். நேர்கோட்டில் அளந்தாலும் 50 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம் அது. பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த முதல்வர் அவரே என்பர். ஆயினும் யாழ்ப்பாணத்துக் கற்றோர் அச்செயலை எண்ணும்போதெல்லாம் 'அபாரமான உடற்பலம்' என்று கூறி அமைந்துவிடுகின்றனர். பாராட்டுப் போல ஒலிக்கும் இக்கூற்றினுள்ளே ஓர் அவமதிப்பு ஒளிந்திருக்கிறது.

உடற்பலம் மட்டும் அந்நீரிணையைக் கடத்துமா? ஏன் மார்ச் மாதம்? வாடைக் காற்று ஓய்ந்து, சோழகம் எழுவதற்கு முன்னர், கடல் சற்றே அடங்கிக் கிடக்கும் காலம் அது. 1966இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திய வங்காளத்து மிகிர் சென்னும் ஏப்ரல் மாதத்தையே தேர்ந்தார். நீரோட்டம் எப்பக்கம் இழுக்கும், எவ்வேளையில் திரும்பும், இழுப்புக்கு ஈடாக எவ்வளவு விலகி நீந்தவேண்டும் என்பனவெல்லாம் தோள்வலியால் அறியத்தக்கன அல்ல. தலைமுறை தலைமுறையாகக் கடலோடியோர் கண்டு வைத்த அறிவு அது. 1971இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே போய்த் திரும்பி 51 மணிநேரம் நீந்திய வல்வெட்டித்துறைக் குமார் ஆனந்தன், 1984இல் ஆங்கிலக் கால்வாயின் குளிர்நீரில் உயிர்நீத்தார். வலிமையில் அவருக்கு என்ன குறை?

நோர்வே நாட்டவர் இவ்விடயத்தில் வேறுவிதமாக நடந்தனர். பனிச்சறுக்குக் கட்டை அங்கே குடியானவனின் காற்கருவி. 1888இல் கலாநிதிப் பட்ட ஆய்வை முடித்த கையோடு பிரிட்ஜொவ் நான்சன் அக்கட்டைகளைக் கட்டிக்கொண்டு கிறீன்லாந்தின் பனிப்பாளத்தைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்தார். குடிமக்கள் வாழ்ந்தது மேற்குக் கரையிலே. ஆகவே பின்வாங்க இடமில்லை. அறுவர் கொண்ட அக்குழுவில் பால்ட்டோ, ராவ்னா என்ற சாமி இனத்தவர் இருவரைப் பனியறிவு கருதியே சேர்த்துக்கொண்டார். பின்னர் எழுதிய நூலிலே பனிச்சறுக்கின் வரலாற்றுக்கென ஓர் அத்தியாயமும் ஒதுக்கினார். குடியானவனின் கருவி அறிஞனின் ஏட்டில் ஏறியதால் நோர்வேயின் புலமைக்கு இழுக்கு நேர்ந்துவிடவில்லை.

யாழ்ப்பாணத்திலோ, படிப்பு ஏறாத பிள்ளைக்கே கடல் என்ற எண்ணம் இன்னும் சாகவில்லை. அவ்வெண்ணத்தின் அடியிலே சாதி இருப்பதைச் சொல்லக் கூசுவோர் பலர். நெய்தற்றிணையின் முதல், கரு, உரிப்பொருள்களைப் பரீட்சைக்காக மனனம் செய்யும் கலைப்பீட மாணவன், கச்சான் எத்திசைக் காற்று என்று கேட்டால் விழிக்கிறான். (சில விரிவுரையாளரும் விழிக்கக்கூடும்.) நூலிலுள்ள நெய்தல் இலக்கியமாம், வடமராட்சிக் கரையில் வலை பொத்துபவரின் வாயிலுள்ள நெய்தல் வெறும் பேச்சாம்!

வீரர்களுக்குச் சிலை வைத்தாயிற்று, விழா எடுத்தாயிற்று என்று சிலர் மறுக்கலாம். சிலை நீரோட்டத்தைச் சொல்லாது. வழிகாட்டும் படகின்றி நெடுங்கடல் நீச்சல் நிகழ்வதில்லை. அப்படகுகளிலே இரவு முழுதும் விழித்திருந்து திசை சொன்னோரின் பெயரை எத்தனை மேடைகள் உரைத்தன? கடலோடிகளின் காற்றுப் பெயர்களையும் நீரோட்டக் குறிப்புகளையும் விண்மீன் வழக்குகளையும் கேட்டு எழுதுவது தமிழ்த்துறைக்கு உரிய பணியே. ஒலிப்பதிவுக் கருவி ஒன்றும் ஒரு விடுமுறைக் காலமும் போதும், தொடங்குவதற்கு. 1954இல் இருபது வயதிலே துடுப்புப் பிடித்தவருக்கு இன்று தொண்ணூறு வயது கடந்துவிட்டது.