கல்லுக்கும் ஊர் உண்டு

விடுமுறையில் ஊருக்குச் சென்று ஆடு மேய்க்கும் மாணவர் நம் கல்லூரியில் பலர் உண்டு. நானும் அவர்களுள் ஒருவன். திருச்சுழிப் பக்கத்துக் காடுகளில் மழை ஓய்ந்தபின் மின்னும் கற்களைப் பொறுக்கி, ஒரு பவுடர் டப்பாவில் சேர்ப்பது என் சிறுவயது வழக்கம். சென்ற ஆண்டு அந்த டப்பாவை ஆசிரியர் ஒருவரிடம் காட்டினேன். அவர் உருப்பெருக்கியால் பார்த்து, இரண்டு கற்களைத் தனியே எடுத்து வைத்தார். “இவை மனிதன் கைபட்டவை போல் இருக்கின்றன, தம்பி. எங்கே எடுத்தாய்?” என்றார். எனக்கு விடை தெரியவில்லை. பத்தாண்டுச் சேகரிப்பு அந்த ஒரு கேள்வியில் வெறுங்கல்லாகிப் போயிற்று.

அம்புக்கு முனையாகவும் பக்கப் பல்லாகவும் பிசினால் பதிக்கப்பட்ட நுண்கற்கருவிகள் பல, விரல் நகத்தளவே இருக்கும். வெங்கச்சங்கல்லிலும் சிக்கிமுக்கிக்கல்லிலும் செய்தவை அவை. தட்டிப் பெயர்த்த சில்லில் அடிபட்ட இடத்தருகே சிறு புடைப்பும், சிப்பியின் வரிகள் போன்ற அலைகளும் தெரியும். விளிம்பில் வரிசையாகச் செதுக்கிய தடம் இருந்தால் ஐயம் குறையும். ஆயினும் டிராக்டர் கொழுவில் அடிபட்ட கல்லும் நம்மை ஏமாற்றும். எனவே, அறிந்தவரிடம் காட்டுவதே முறை.

“விற்றால் என்ன கிடைக்கும்?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கல்லின் மதிப்பு அது கிடந்த இடத்தில் அல்லவா இருக்கிறது! சாயர்புரம், மெஞ்ஞானபுரம் பகுதித் தேரிக்காடுகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைச் சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் ஆராய்ந்து 1956இல் எழுதினர். அவை கிடந்த மணற்படிவையும் பழைய கடல்மட்டத்தையும் ஒப்பிட்டே காலத்தைக் கணிக்க முயன்றனர். அதே கற்கள் ஒரு டப்பாவில் கலந்து கிடந்திருந்தால் என்ன சொல்லியிருக்க முடியும்? 1863இல் பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் ஃபூட்டின் சேகரிப்பு, எழும்பூர் அருங்காட்சியகத்தில் இன்றும் பயன்படுவதற்குக் காரணம், எது எந்த ஊரில் கிடைத்தது என்று அவர் குறித்து வைத்ததே.

தொல்பொருள் வணிகத்துக்கு உரிமம் வேண்டும் என்றும், தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்றும் 1972ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சட்டத்துக்கு அஞ்சி மட்டுமன்று, நம் மண்ணை மதித்தும் நாம் ஒதுங்க வேண்டும். நம் மாவட்டத்து வெம்பக்கோட்டையில் 2022இல் அகழாய்வு தொடங்கியது. அங்கும் நுண்கற்கருவிகள் கிடைத்தன. நம் காடுகளிலும் சொல்லப்படாத செய்திகள் இருக்கக் கூடும்.

ஆகவே நண்பர்களே, கல்லைக் கண்டால் கிடந்த இடத்திலேயே படம் எடுங்கள், நாள், ஊர், காட்டின் பெயர், சர்வே எண் ஆகியவற்றை எழுதுங்கள், தோண்டாதீர்கள், தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.

எங்கள் ஊர்க் காடு ஒவ்வொன்றின் பெயரும் என் தந்தைக்குத் தெரியும். ஆனால் அவருக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்திருந்தும் நான் எழுதாமல் விட்டேன். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகும் நான் இனிச் செய்ய வேண்டிய முதல் வேலை, அவர் சொல்லச் சொல்ல அப்பெயர்களை எழுதி வைப்பதே.