மலிவு சரி, மட்டம் வேண்டாம்!

காப்பி இல்லாமல் நம் வீடுகளில் பொழுது விடிவதில்லை. பித்தளை பில்டர் இருந்த இடத்தில் எவர்சில்வர் பில்டர் வந்தது. இப்பொழுது "பிரெஞ்சு பிரஸ்" என்ற கண்ணாடிச் சாதனமும் கடைக்கு வந்திருக்கிறது. மலிவான ரகம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பார்க்க அழகாகவும் இருக்கிறது.

அழகு இருக்கட்டும். அது உழைக்குமா? கையைச் சுடாமல் இருக்குமா? வாங்குகிறவர்கள் இந்த இரண்டு கேள்விகளையும் கேட்கவேண்டும்.

சாதனம் எப்படிப்பட்டது?

ஒரு கண்ணாடி ஜாடி. அதைத் தாங்க ஒரு சட்டம். பிடிக்க ஒரு கைப்பிடி. மேலே மூடி. மூடியின் நடுவே ஒரு கம்பி. கம்பியின் அடியில் வட்டமான சல்லடை. ஜாடியில் காப்பித் தூளைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, நாலு நிமிஷம் ஊறவிட வேண்டும். பிறகு கம்பியை மெல்ல அழுத்த வேண்டும். சல்லடை தூளை அடியில் அமுக்கிவிடும். மேலே தெளிந்த காப்பி நிற்கும்.

இது நேற்று முளைத்த சாதனம் அல்ல. 1852-ம் ஆண்டிலேயே பாரிஸ் நகரில் மேயர், டெல்போர்ஜ் என்ற இருவர் இதற்குக் காப்புரிமை பெற்றார்கள். பிறகு மிலான் நகரத்துக் காலிமானி அதைத் திருத்தினார். 1958-ல் போண்டானினி என்பவர் இன்னும் திருத்தினார். இத்தனை பேர் கை வைத்த சாதனத்துக்கு உயிர்நிலை ஒன்றுதான். அது சல்லடையின் விளிம்பு!

எங்கே குறை?

மட்டமான சாமானில் முதல் குறையே அங்கேதான் இருக்கிறது. விளிம்பு ஜாடியின் சுவரோடு ஒட்டி இறங்க வேண்டும். ஒட்டாவிட்டால் இடுக்கு வழியாகத் தூள் மேலே வந்துவிடும். குடிக்கும்போது வாயெல்லாம் நறநறக்கும்.

ஆனால் நியாயத்தையும் சொல்ல வேண்டும். நம் பில்டர் தூள் சன்னமானது. இந்தச் சாதனத்துக்கு ரவையைப் போலக் கொரகொரப்பான தூள் வேண்டும். சன்னத் தூளைப் போட்டுவிட்டுச் சாதனத்தைத் திட்டுவது சரியல்ல. அதில் ஆபத்தும் உண்டு. சன்னத் தூள் சல்லடையை அடைத்துக்கொள்ளும். கம்பி இறங்காது. பலங்கொண்ட மட்டும் அழுத்தினால், கொதிக்கும் காப்பி ஓரத்தில் பீறிட்டு மேலே தெறிக்கும். கம்பி இறங்காவிட்டால் அழுத்தாதீர்கள்!

இரண்டாவது குறை கண்ணாடி. சூடு பட்டால் கண்ணாடி விரியும். ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் விரியாவிட்டால் வெடித்துவிடும். "போரோசிலிகேட்" என்ற கண்ணாடி, சாதாரணக் கண்ணாடி விரிவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் விரியும். அதனால் சூட்டைத் தாங்கும். கண்ணாடியில் சிக்கனம் பார்த்தால், அந்தச் சிக்கனத்துக்கு விலை கொடுப்பது வாங்கியவரின் கைதான்.

மூன்றாவது குறை சட்டமும் கைப்பிடியும். மெல்லிய பட்டையும் பிளாஸ்டிக் மரையும் நாளடைவில் தளர்ந்து போகும். ஜாடி ஆடும். ஜாடி நிறையக் கொதிக்கும் காப்பி இருக்கும்போது கைப்பிடி கழன்றால் என்ன ஆகும்? பக்கத்தில் குழந்தை நின்றால் என்ன ஆகும்? இது ருசியைப் பற்றிய பேச்சு அல்ல; பத்திரத்தைப் பற்றிய பேச்சு.

பெரிய குறை

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குறை ஒன்று உண்டு. ஜாடி உடைந்தால் மாற்று ஜாடி கிடைப்பதில்லை. சல்லடை பிய்ந்தால் மாற்றுச் சல்லடை கிடைப்பதில்லை. ஒரு துண்டு கெட்டால் முழுச் சாமானும் குப்பைக்குப் போகிறது. நம் எவர்சில்வர் பில்டரைப் பாருங்கள். கீழே விழுந்தால் ஒடுங்கும், ஆனாலும் உழைக்கும்.

வசதி உள்ளவர் இன்னொன்று வாங்கிக்கொள்வார். காசை எண்ணி எண்ணி வாங்கியவர் என்ன செய்வார்? வருஷத்துக்கு இரண்டு வாங்கினால் அது மலிவா? மலிவுச் சாமானுக்குத்தான் மாற்றுத் துண்டு அவசியம். அதை வாங்குகிறவரால்தான் நஷ்டத்தைத் தாங்க முடியாது.

என்ன செய்யலாம்?

கடையிலேயே சோதித்துப் பாருங்கள். கம்பியை இறக்குங்கள், சல்லடை சுற்றிலும் ஒட்டி, நேராக இறங்குகிறதா என்று கவனியுங்கள். ஜாடியைச் சட்டத்தோடு அசைத்துப் பாருங்கள்; ஆடக் கூடாது. கண்ணாடி எந்த வகை என்று பெட்டியில் அச்சடித்திருக்கிறதா என்று படியுங்கள். மாற்று ஜாடி கிடைக்குமா என்று கடைக்காரரைக் கேளுங்கள்.

வீட்டிலும் ஜாக்கிரதை தேவை. முதலில் வெதுவெதுப்பான நீரால் ஜாடியை அலம்புங்கள். இரும்புக் கரண்டியால் கிளறாதீர்கள். மரக் கரண்டி நல்லது. கீறலோ விரிசலோ கண்ட ஜாடியில் வெந்நீர் ஊற்றாதீர்கள்.

செய்கிறவர்களுக்கும் விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: வேலைப்பாட்டைக் குறையுங்கள், மினுமினுப்பைக் குறையுங்கள், பெட்டியின் படாடோபத்தைக் குறையுங்கள். விலை தானாகக் குறையும். கண்ணாடியின் உறுதியையும் கைப்பிடியின் பிடிப்பையும் குறைக்காதீர்கள். ஏழை வீட்டுக் கையும் சுட்டால் புண்ணாகும் கைதான்!