அடிபட்டால் இலவசம், குடல்வால் வெடித்தால் அட்வான்ஸ்!

ஒரு சின்னக் கணக்கு. அவினாசி ரோட்டில் ஒரே ராத்திரியில் ரெண்டு பேர் விழுகிறார்கள். முதல் ஆள் பைக்கில் இருந்து விழுந்து மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது. ரெண்டாவது ஆள் சும்மா நடந்து போகும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுகிறார். இரைப்பைப் புண் ஓட்டையாகி, உள்ளே இருந்ததெல்லாம் வயிற்றறைக்குள் கொட்டிக்கொண்டு இருக்கிறது. ரெண்டு பேருக்கும் உடனே வயிற்றைத் திறந்தாக வேண்டும். ரெண்டு பேரையும் பக்கத்தில் இருக்கும் அதே தனியார் ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். முதல் ஆள் நேராக தியேட்டருக்குப் போகிறார். ரெண்டாவது ஆளின் பொண்டாட்டி கேஷ் கவுண்டருக்குப் போகிறார். ஏனென்றால் முதல் ஆளை இடித்தது ஒரு கார், ரெண்டாவது ஆளை இடித்தது அவருடைய சொந்த வயிறு!

ஜோக் இல்லைங்க, நம்ம மாநிலத்தில் நிஜ நிலைமை இதுதான். 2021 டிசம்பர் 18-ஆம் தேதி மேல்மருவத்தூரில் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கியவர் யாராக இருந்தாலும், திட்டத்தில் சேர்ந்த அரசு அல்லது தனியார் ஆஸ்பத்திரியில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு அரசே பணம் கட்டும். வெளிமாநிலத்துக்காரரா, வருமானம் எவ்வளவு, காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று எதுவும் கேட்பதில்லை. தொடங்கும்போது ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் வரம்பு, பிறகு அதையும் உயர்த்தினார்கள். அருமையான திட்டம், நான் குறை சொல்ல வரவில்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று. இது ஏன் சாலையோடு நின்றுவிட்டது?

எங்கள் தெருவில் விசைத்தறி ஓட்டும் ஒரு மாமா இருக்கிறார். ஒருநாள் சாயங்காலம் தொப்புளைச் சுற்றி வலி. வாயு என்று சோடா குடித்தார். மறுநாள் வலி வலது பக்கம் கீழே இறங்கி, காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்துகொண்டது. ராத்திரி 11 மணிக்கு ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம் (பெயர் வேண்டாம், எல்லாருக்கும் ஒரு ஆஸ்பத்திரி ஞாபகம் வரும்). ஸ்கேன் பார்த்தார்கள், குடல்வால். "50,000 கட்டிருங்க, உடனே தியேட்டர் ரெடி பண்ணிரலாம்." அத்தை கழுத்துச் செயினைக் கழட்டி நீட்டி, "இத வெச்சுக்கிட்டு ஆரம்பிங்க கண்ணு, காலையில பணத்தோட வாரனுங்க" என்றது. ரிசப்ஷனில் இருந்த பெண் பாவம், அவளுக்கும் சங்கடம்தான், "நகையெல்லாம் வாங்கக் கூடாதுங்க" என்றாள். ராத்திரி 11 மணிக்கு எந்த அடகுக்கடை திறந்திருக்கும்? போன் மேல் போன் போட்டு பணம் சேர்வதற்குள் விடிந்தே விட்டது. அதற்குள் குடல்வால் வெடித்திருந்தது. ரெண்டே நாளில் வீட்டுக்கு வரவேண்டிய மனுஷன் இரண்டு வாரம் படுத்தார். பில் மூன்று மடங்கு!

வயிற்றில் சீழ் பரவுவதும் மூச்சு அடைப்பதும் நேரத்தோடு ஓடும் விஷயங்கள். கடுமையான வீசிங்கில் முதல் ஒரு மணி நேரத்தில் கொடுப்பது என்ன? ஆக்சிஜன், சால்புட்டமால் நெபுலைசர், ஸ்டீராய்டு. மருந்தைப் பொறுத்தவரை இவை மலிவான சமாச்சாரம். தாமதமானால் வென்டிலேட்டர், ஐ.சி.யூ. என்று போகும். அட்வான்சுக்காக நிறுத்தி வைத்த நேரத்தை நோயாளி வட்டியோடு கட்டுகிறார்.

பி.காம். படிப்பதால் ஒரு சந்தேகம் எனக்கு அடிக்கடி வரும். கணக்குப்பதிவியலில் வாடிக்கையாளரிடம் வாங்கும் முன்பணம் வருமானம் இல்லை, அது பொறுப்பு. இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புப் பக்கம்தான் எழுதுவோம். ஆஸ்பத்திரியில் மட்டும் பணம் கட்டும் வரைக்கும் பொறுப்பே பிறப்பதில்லை :-) தேவை நெகிழ்ச்சி என்று ஒரு பாடம் நடத்துவார்களே, விலை ஏறினால் வாங்குபவன் குறைத்துக்கொள்வான் என்று? மூச்சு விட முடியாதவன் எதைக் குறைத்துக்கொள்வான்? நாலு கடை ஏறி இறங்கி விலை விசாரிப்பானா?

சட்டம் இருக்கே என்பீர்கள். 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில், உயிரைக் காப்பது ஒவ்வொரு டாக்டரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1996-இல் மேற்கு வங்க வழக்கு ஒன்று. ரயிலில் இருந்து விழுந்த கூலித் தொழிலாளியை அரசு ஆஸ்பத்திரிகள் வரிசையாகத் திருப்பி அனுப்ப, கடைசியில் தனியாரில் 17,000 ரூபாய் செலவழித்துப் பிழைத்தார். அரசிடம் பணமில்லை என்பது சாக்கு ஆகாது என்று சொல்லி 25,000 ரூபாய் இழப்பீடு கொடுத்தார்கள். நல்ல தீர்ப்புகள்தான். ஆனால் தனியார் ஆஸ்பத்திரியில் அந்த ராத்திரியின் பில்லை யார் கட்டுவது என்று இவை சொல்லவில்லை. அமெரிக்காவிலும் 1986-இல் இருந்து, காசு இல்லாதவரையும் நிலைப்படுத்தாமல் அனுப்பக் கூடாது என்று சட்டம். அங்கேயும் பில் விஷயத்தை அந்தரத்தில்தான் விட்டார்கள்.

"அரசு ஆஸ்பத்திரி இலவசம்தானே, அங்கே போக வேண்டியதுதானே?" என்று கேட்பவர்களுக்கு: தாராளமாகப் போகலாம். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எத்தனை ஆயிரம் பேருக்குச் சோறு போடாத தாய் என்பது எனக்கும் தெரியும். ஆனால் வால்பாறைத் தோட்டத் தொழிலாளி 40 கொண்டை ஊசி வளைவு இறங்கி, பொள்ளாச்சி தாண்டி கோவை வந்து சேருவதற்குள் வழியில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். தவிர, விபத்தில் அடிபட்டவருக்கும்தான் அரசு ஆஸ்பத்திரி இலவசம். அப்புறம் ஏன் தனியாரையும் சேர்த்தார்கள்? நேரம் முக்கியம் என்பதால்தானே!

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையா? நல்ல திட்டம்தான். அதற்கு ரேஷன் அட்டை வேண்டும், வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வேண்டும், ஆஸ்பத்திரியும் சிகிச்சையும் பட்டியலில் இருக்க வேண்டும். முன்கூட்டியே எடுத்து வைத்தவர் தப்பித்தார். வருமான வரம்புக்குக் கொஞ்சம் மேலே இருப்பவர்? சோமனூரிலும் திருப்பூரிலும் ஈ.எஸ்.ஐ. பிடிக்காத கான்ட்ராக்ட் வேலையில் இருப்பவர்?

செய்ய முடியாத காரியமும் இல்லை. 2021 மே 7-ஆம் தேதி புதிய அரசு பதவியேற்ற அன்றே, தனியார் ஆஸ்பத்திரியில் கொரோனா சிகிச்சைக்குக் காப்பீட்டில் பணம் தரும் உத்தரவில் கையெழுத்துப் போட்டார்கள். அந்த மாதக் கடைசியில் தினசரி தொற்றில் கோவை சென்னையையே தாண்டியது. மூச்சுத் திணறியவர்களோடு ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றதை நாம் மறக்கவில்லை. அன்றைக்கு மூச்சுத் திணறல் அவசரம் என்றால் இன்றைக்கும் அவசரம்தான்.

நியாயமான ஒரு எதிர்ப்பு உண்டு. விபத்தில் பொய் சொல்வது கஷ்டம், வயிற்று வலியில் சுலபம். 2010-களின் தொடக்கத்தில் பீகாரிலும் சத்தீஸ்கரிலும் காப்பீட்டுப் பணத்துக்காகத் தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுத்த கூத்து நடந்தது. இங்கேயும் நல்ல குடல்வாலை எடுத்துவிட்டு பில் அனுப்பினால்? எடுத்த குடல்வாலை லேபுக்கு அனுப்பி ரிப்போர்ட் வந்தால்தான் பணம் என்று வையுங்கள். குடல் அடைப்புக்கு எக்ஸ்ரே இருக்கிறது. மூச்சுத் திணறலுக்கு ஆக்சிஜன் அளவும் ரத்தப் பரிசோதனையும் இருக்கின்றன. பட்டியல் சின்னதாக இருக்கட்டும், ஓட்டை விழுந்த குடல், வெடித்த குடல்வால், கருக்குழாயில் வெடித்த கர்ப்பம், ஆக்சிஜன் இறங்கிய வீசிங், நிமோனியா. 48 மணி நேரம் போதும். அதன் பிறகு அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றலாம்.

ராஜஸ்தானில் 2023 மார்ச்சில் சுகாதார உரிமைச் சட்டம் கொண்டுவந்தார்கள். அவசரம் என்றால் முன்பணம் கேட்கக் கூடாது என்றார்கள். தனியார் டாக்டர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கி, ஏப்ரலில் சமரசமாகி, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் ஆஸ்பத்திரிகளை விட்டுவிட்டார்கள். அதாவது நம்ம ஊர்த் தெருமுனை நர்சிங் ஹோம் மாதிரியான இடம் எல்லாம் வெளியே!

டாக்டர்களுக்குப் பேராசை என்று முடித்துவிடலாம்தான். என் வகுப்பில் ஒருவனுடைய அப்பா 20 படுக்கை வைத்து நடத்துகிறார். அவனிடம் சண்டைக்கே போனேன். அவன் சொன்னது: "பணம் 30 நாள்ல கைக்கு வருதுன்னு அரசாங்கம் எழுதிக் கொடுக்கட்டும்டா, எங்க அப்பா முதல் ஆளா கையெழுத்துப் போடுவாரு. 6 மாசம் இழுத்தா நர்ஸ் சம்பளத்த நீ வந்து போடுவியா?"