ஒரு அடி சின்ன விஷயமா?

அமெரிக்காவில் அட்லாண்டிக் லீக் என்ற பேஸ்பால் போட்டித் தொடர் 1998 முதல் நடக்கிறது. அந்த அணிகளைத் தாங்கிப் பிடிக்கப் பெரிய லீக் கிளப் எதுவும் கிடையாது. டிக்கெட் வித்துத்தான் முதலாளி சம்பளம் கொடுக்கணும். நல்லா ஆடுறவரைப் பெரிய கிளப் காசு கொடுத்துக் கூட்டிக்கொண்டு போகும். அந்த ஆசையில்தான் ஆடுகிறார்கள்.

2019-ல் பெரிய லீக்கோடு ஒப்பந்தம் போட்டு, புது விதிகளை இங்கே சோதித்தார்கள். கம்ப்யூட்டர் சொன்னதை அம்பயர் அறிவித்தார். அது சரி, யாருக்கும் கை வலிக்காது! ஆனால் 2021-ல், சீசன் நடுவிலேயே பந்து வீசும் மேட்டை ஒரு அடி பின்னால் தள்ளினார்கள். 60 அடி 6 அங்குலத்துக்குப் பழகின தோள் அது. நானும் பவுலர்தான், எனக்குத் தெரியும். பெரிய லீக் ஆட்டக்காரர்களுக்குச் சங்கம் இருக்கு. அங்கே முதலில் தள்ளிப் பார்ப்பார்களா? சோதிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. வீசுகிறவர்களிடம் ஓட்டு வாங்கிவிட்டுச் சோதிக்கட்டும்.