கழிப்பறை கட்டியாச்சு, குழியை அள்ளுவது யார்?

மயிலாடும்பாறையைச் சுற்றி எந்த ஊருக்குப் போனாலும் தூய்மை இந்தியா கழிப்பறைகளைப் பார்க்கலாம். 2014இல் தொடங்கிய திட்டம். வீட்டுக்கு 12,000 ரூபாய் மானியம். கழிப்பறை வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. நம் பெண்கள் இருட்டும்வரை அடக்கிக்கொண்டு காத்திருந்ததை நாம் மறக்கவில்லை.

ஆனால் 'கட்டுங்கள், நோய் வராது' என்ற பிரச்சாரம், குழி நிறைந்தபின் யார் அள்ளுவது என்று ஊர்நடுவே பேசவில்லை. காகிதத்தில் விடை இருந்தது: இரட்டைக் குழி. ஒன்று நிறைந்ததும் மூடிவிட்டு மற்றதைப் பயன்படுத்தினால், மூடியது ஓரிரு ஆண்டில் மக்கி உரமாகும். வீட்டுக்காரரே அள்ளலாம். சாதி மனம் விடுமா? வசதி இருப்பவர் பெரிய செப்டிக் டேங்க் கட்டுகிறார். லாரி நுழையாத சந்தில் அது நிறைந்தால், ஆள் தேடி வருவது அருந்ததியர் தெருவுக்குத்தான்.

இதைத் தடுக்க 2013 சட்டம் இருக்கிறது. சாக்கடைக்குள் இறந்தால் 30 லட்சம் இழப்பீடு என்று 2023இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இழப்பீடு சாவுக்குப் பின்னால் வருவது. நமக்கு வேண்டியது சாவே இல்லாத கழிப்பறை.

தோழர்களே, அடுத்த என்எஸ்எஸ் முகாமில் சுகாதார விழிப்புணர்வு பேசப் போகும்போது ஒரு கேள்வியையும் எடுத்துச் செல்லுங்கள்: உங்கள் வீட்டுக் குழியை நீங்களே அள்ளுவீர்களா?