வரவிருக்கும் பிள்ளையும் காத்திருக்கும் வீடும்

ஒரு வீட்டில் குழந்தை பிறக்கப்போகிறது என்றால் தெரு முழுவதும் அதை அறிந்துகொள்கிறது. தாய்க்கு வளைகாப்பு நடக்கிறது. மருத்துவர் நாள் குறித்துச் சொல்கிறார். பாட்டி பழைய பருத்திச் சேலையைத் துவைத்து, தூளி கட்ட எடுத்து வைக்கிறார். தத்தெடுப்பதற்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கும் வீட்டிலோ இவற்றுள் ஒன்றும் இல்லை. குழந்தை வரும் நாள் எவருக்கும் தெரியாது. வாழ்த்துக் கூறவும் எவருக்கும் தோன்றுவதில்லை. ஆயினும், அந்த வீடும் ஒரு குழந்தையைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறது. அந்தக் காலத்தை அக்குடும்பம் எவ்வாறு கழிக்கிறது என்பதைப் பொறுத்தே வரப்போகும் பிள்ளையின் வாழ்வு அமையும்.

ஸ்ரீராம்புரத்தில் ஒரு வீடு

பெங்களூரின் ஸ்ரீராம்புரத்தில் அத்தகைய குடும்பம் ஒன்றை மனக்கண்ணால் காணலாம். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். வீட்டுக்குள் தமிழ், தெருமுனைக் கடையில் கன்னடம். பச்சை வழித்தடத்து மெட்ரோ இரயில் மேலே ஓடும் ஓசை. பாட்டன் காலத்தில் பிழைப்புத் தேடித் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பம் அது. தந்தை, தாய், பாட்டி, ஆறாம் வகுப்பில் படிக்கும் மகள் என நால்வர். ஐந்தாவது ஆளுக்காக அவர்கள் பதிவு செய்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

காலையில் குழாயடியில், "விசேஷம் ஏதாவது உண்டா?" என்று அண்டை வீட்டார் தாயைக் கேட்கின்றனர். தந்தை ஒவ்வொரு வாரமும் இணையதளத்தில் தம் வரிசை எண்ணைப் பார்க்கிறார். அது நகர்வது அரிதாகவே தெரிகிறது. மகள் தன் அலமாரியின் கீழ்த்தட்டை ஒழித்து வைத்தாள். ஆறு மாதம் கழித்துப் புத்தகங்களைத் திரும்பவும் அங்கேயே அடுக்கினாள். "தம்பியா, தங்கையா?" என்று பள்ளியில் கேட்டால் அவளிடம் விடை இல்லை. ஒவ்வொரு பொங்கலன்றும் பாட்டி, "அடுத்த பொங்கலுக்கு ஐந்து இலை போடுவோம்" என்கிறார். அன்றாட வேலைகள் நிற்கவில்லை. ஆனால், எல்லாவற்றின் அடியிலும் ஒரு வினா நிற்கிறது.

காத்திருப்பு எதற்காக?

இந்தியாவில் தத்தெடுப்பை மத்திய தத்தெடுப்பு வள ஆணையம் நெறிப்படுத்துகிறது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் அதற்கு அடிப்படை. பதிவு செய்த குடும்பத்தின் வீட்டுக்குச் சமூகப் பணியாளர் வருகிறார். வருமானம், உடல்நலம், உறவினரின் மனப்பாங்கு ஆகியவற்றை ஆராய்ந்து அறிக்கை எழுதுகிறார். வீட்டில் ஐந்து வயதைக் கடந்த பிள்ளை இருந்தால் அப்பிள்ளையின் இசைவும் பெறப்படுகிறது. எனவே, ஸ்ரீராம்புரத்து மகளின் சொல்லும் அந்தக் கோப்பில் இடம்பெறும்.

மறுபுறம், கைவிடப்பட்ட குழந்தை கிடைத்தவுடன் அதை எவருக்கும் கொடுத்துவிட இயலாது. அதன் பெற்றோரைத் தேட வேண்டும்; நாளிதழில் அறிவிப்பு வெளியிட வேண்டும். வறுமையால் குழந்தையை ஒப்படைத்த தாய்க்கு மனம் மாறுவதற்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. அதன் பிறகே குழந்தைகள் நலக் குழு அக்குழந்தையைத் தத்துக்கு உரியது என அறிவிக்கும். இந்தத் தாமதம் சிலருக்குக் கொடுமையாகத் தோன்றலாம். உண்மையில் அது ஏழைத் தாய் ஒருத்தியின் உரிமைக்கு இடப்பட்ட வேலி.

வேலி இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதை உலகம் கண்டிருக்கிறது. 1980களில் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பிய நாடுகளுக்குத் தத்தாக அனுப்பப்பட்டனர். அவர்கள் வளர்ந்து தம் தாயைத் தேடியபோது, பலருடைய ஆவணங்கள் பொய்யானவை எனத் தெரியவந்தது. இம்முறைகேடுகளுக்காக 2020இல் சுவிட்சர்லாந்து அரசு வருத்தம் தெரிவித்தது. 2021இல் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்தி வைத்தது. இந்தியாவிலும் இதே அச்சம் எழுந்ததால், 1984இல் இலட்சுமி காந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் வெளிநாட்டுத் தத்தெடுப்புக்குக் கடுமையான நெறிமுறைகளை வகுத்தது. நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்பு பற்றிய 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையை 2003இல் இந்தியா ஏற்றது. ஆகவே, விதிகள் தாமதப்படுத்துகின்றன என்பதற்காக மட்டும் அவற்றைப் பழிப்பது பொருந்தாது.

மற்றொரு பக்கத்தின் காத்திருப்பு

எல்லாத் தாமதமும் காப்பு ஆகாது. 2021 டிசம்பரில் தத்தெடுக்கப் பதிவு செய்திருந்தோர் 27,939 பேர். அவர்களுக்கு எதிரே, தத்துக்கு உரியவர் எனச் சட்டப்படி அறிவிக்கப்பட்டிருந்த குழந்தைகள் 2,430 பேர் மட்டுமே. இந்த எண்களை 2022இல் வெளியான நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கை எடுத்துக்காட்டியது. இல்லங்களில் வாழ்ந்தும் தத்துப் பட்டியலில் சேராத குழந்தைகள் மிகப் பலர். தாயின் உரிமைக்காக இரண்டு மாதம் பொறுப்பது அறம். ஒரு கையெழுத்துக்காகக் குழந்தையின் இரண்டு ஆண்டுகள் வீணாவது அறம் ஆகாது. முன்னதைப் பேணி, பின்னதைக் களைவதே அரசின் கடமை.

குடும்பங்களுக்கும் இதில் பங்கு உண்டு. பெரும்பாலோர் கைக்குழந்தையையே விரும்புகின்றனர். ஆறு வயதுச் சிறுவனையும், நடக்க இயலாத சிறுமியையும் நாடுவோர் சிலரே. பெரியவர்களின் காத்திருப்புக்கு ஒரு வரிசை எண் உண்டு; அச்சிறுவனின் காத்திருப்புக்கு அதுவும் இல்லை. அவனுக்கு ஒவ்வொரு பிறந்தநாளும் வாய்ப்பைக் குறைக்கும் நாளாகிறது. எனவே, "எங்களுக்குக் குழந்தை எப்போது கிடைக்கும்?" என்று கேட்கும் வீடு, "எந்தக் குழந்தைக்கு எங்கள் வீடு கிடைக்க வேண்டும்?" என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும். அவ்வாறு கேட்டுவிட்டு, கைக்குழந்தையே தம்மால் இயலும் என ஒரு குடும்பம் முடிவு செய்தால் அதில் குற்றமில்லை. இயலாததை ஏற்றுப் பின்னர்க் கைவிடுவதே பெருங்குற்றம்.

கற்க வேண்டிய மொழி

காத்திருக்கும் காலம் கற்பதற்கு உரிய காலம். வரும் குழந்தை கலபுரகியில் வளர்ந்து கன்னடம் பேசலாம்; வேறு மாநிலத்திலிருந்து வந்து வேறு மொழி பேசலாம். தமிழ் பேசும் வீட்டில் அது முதல் நாள் வாய் திறக்கும்போது, பசிக்கிறது என்பதையும் பயமாயிருக்கிறது என்பதையும் தன் மொழியிலேயே சொல்லும். அச்சொற்களைப் புரிந்துகொள்ள அங்கு ஒருவராவது இருத்தல் வேண்டும்.

புலம்பெயர்ந்த தமிழர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது புதிதன்று. பிறந்த ஊர் ஒன்று, சொந்த ஊர் என்று சொல்லப்படுவது மற்றொன்று. வீட்டு மொழி ஒன்று, வகுப்பு மொழி வேறொன்று. "நீ எந்த ஊர்?" என்ற எளிய வினாவுக்கு இரண்டு விடைகளை வைத்திருப்பவர்கள் அவர்கள். தத்து வந்த பிள்ளைக்கும் இரண்டு விடைகள் உண்டு. ஆகவே, அதன் தயக்கத்தை மற்றவர்களைவிட அவர்கள் விரைவில் உணர முடியும். தாய்மொழி என்பது குருதியில் ஓடி வருவதன்று. அன்புடன் பேசப் பேச வளர்வது. வந்த பிள்ளையும் நாளடைவில் தமிழ் பேசும். ஆனால், அதன் பழைய மொழியையும் பெயரையும் அழித்துவிட்டுத் தமிழைப் புகட்டக் கூடாது.

தள்ள வேண்டிய சொற்கள்

தமிழில் சில பழமொழிகள் உண்டு. "தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்" என்பர். குருதி உறவே உறவு என்னும் எண்ணம் அதில் உள்ளது. "ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்" என்பது கனிவான சொல்லே. எனினும், அதிலும் ஊரார் பிள்ளை வேறு, தன் பிள்ளை வேறு. முன்னாளில் ஈமக்கடன் செய்ய ஓர் ஆண்மகன் வேண்டும் என்பதற்காகவே தத்தெடுத்தனர். 1956ஆம் ஆண்டின் இந்துத் தத்தெடுப்புச் சட்டம் மகளையும் தத்தெடுக்க வழி செய்தது. அண்மை ஆண்டுகளில் ஆண்குழந்தைகளைவிடப் பெண்குழந்தைகளே மிகுதியாகத் தத்தெடுக்கப்படுகின்றனர். வழக்கம் மாறியிருக்கும்போது வாய்ச்சொல்லும் மாறலாம். "சொந்தப் பிள்ளையா, வளர்ப்புப் பிள்ளையா?" என்ற வினாவை அண்டை வீட்டார் கைவிடலாம்.

அதேவேளை, உண்மையை மறைப்பதும் தவறு. கர்ணனை வளர்த்தவர்கள் குறைவின்றி அன்பு செலுத்தினர்; அவனை வருத்தியது பிறப்பு மறைக்கப்பட்டதே. தான் எவ்வாறு இவ்வீட்டுக்கு வந்தோம் என்பதைப் பிள்ளை தெருவில் கேட்டு அறியக் கூடாது. தாயின் மடியில் கேட்டு அறிய வேண்டும்.

ஸ்ரீராம்புரத்து வீட்டுக்கு ஒரு நாள் செய்தி வரும். ஒரு நிழற்படமும் மருத்துவ அறிக்கையும் திரையில் தோன்றும். 48 மணி நேரத்திற்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் காத்த குடும்பத்துக்கு இரண்டு நாள் அவகாசம்! அந்த இரண்டு நாளில் எவரும் பெற்றோராக மாறிவிட முடியாது. அதற்கு முந்தைய ஆண்டுகளிலேயே மாறியிருக்க வேண்டும். மகள் தன் புத்தகங்களை மறுபடியும் மேல்தட்டுக்கு ஏற்றி, கீழ்த்தட்டை ஒழித்து வைப்பாள். அந்தத் தட்டில் யாருடைய புத்தகங்கள் அடுக்கப்படும் என்பதை அவள் அறியாள். அறியாத ஒருவருக்காக இடம் ஒழித்து வைப்பதே குடும்பம் என்பதன் தொடக்கம்.